ஐம்பத்தாறா, அறுபத்தைந்தா?

கேள்வி: எனக்கு வயது 56. ஆதம்பாக்கத்தில் இருக்கிறேன். கருவூலத் துறையில் வேலை பார்த்து விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன். மகன் ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட்டில். மருமகள் ஜெர்மன் பெண். நாலரை வயதுப் பேத்தி வீடியோ காலில் ‘பாட்டி’ என்று கூப்பிடுவதோடு சரி, மற்றதெல்லாம் ஜெர்மன்தான். சம்பந்தியம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் நகரில் ஓர் இடத்தில் 18,000 ரூபாய் கட்டி ஜெர்மனின் தொடக்க நிலையான ஏ1 வகுப்பில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு மூன்று மூன்று மணி நேரம். 22 பேரில் என்னைத் தவிர எல்லோரும் இருபதுகளில் இருப்பவர்கள். ஆறாவது வகுப்பில் வயதைக் கேட்டார்கள். 56 என்பதற்குப் பதில் 65 என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. இரண்டு வாரமாகப் போகவில்லை. இன்று படித்த சொல் மறுநாள் மறந்துவிடுகிறது. பள்ளி நாளில் இந்தி பிரசார சபா தேர்வுகளை ராஷ்ட்ரபாஷா வரை எழுதித் தேறியவள் நான். ஞாபகசக்தி போய்விட்டதா? நிறுத்திவிட்டு மொபைல் ஆப்பில் படிக்கலாமா? பரீட்சை எழுதத்தான் வேண்டுமா? ‘நீ ஏன் ஜெர்மன் படிக்கணும், குழந்தைக்குத் தமிழ் சொல்லிக்கொடு’ என்கிறார் என் கணவர்.

பதில்: முதலில் அந்த அறுபத்தைந்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த வரி அதுதான்.

ஜெர்மனில் 56-ஐச் சொல்லும்போது ஆறை முன்னால் வைத்து ‘ஆறும் ஐம்பதும்’ என்பார்கள். ஸெக்ஸ்-உண்ட்-ஃப்யூன்ஃப்ட்ஸிஷ். (தமிழ் எழுத்துக்குள் ஜெர்மன் முழுதாக அடங்காது, பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும், அவ்வளவுதான்.) நீங்கள் ‘ஐந்தும் அறுபதும்’ என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆறு வந்திருக்கிறது, ஐந்து வந்திருக்கிறது, நடுவில் ‘உண்ட்’ என்ற உம்மையும் வந்திருக்கிறது. இடம்தான் மாறிப்போயிற்று. மறந்தவர் விழித்துக்கொண்டு நிற்பார். நீங்கள் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு, ‘ஃபிஃப்டி சிக்ஸ்’ என்று மனதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்து, அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறீர்கள். இந்தக் கோளாறைத்தான் இந்தப் பதில் முழுக்கப் பேசப்போகிறேன்.

ராஷ்ட்ரபாஷா வரை எழுதியவருக்கு இந்தியில் 56-க்கான ‘சப்பன்’ ஞாபகம் இருக்கும். அதிலும் ஆறுதான் முன்னால், ஐம்பது பின்னால். இந்தி எண்களை மனப்பாடம் செய்தபோது யாரும் சிரிக்கவில்லை, நீங்களும் தடுமாறவில்லை. ஏனென்றால் அன்று அதை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கவில்லை. பாட்டு மாதிரி ஒப்பித்தீர்கள்.

இன்னொன்றும் ஊகிக்கிறேன், தவறென்றால் மன்னியுங்கள். ஆறு என்பதற்கான ஜெர்மன் சொல்லைச் சொல்லிக்கொடுக்கும் நாளில் சிரிப்பு எழாத வகுப்பை 24 வருடத்தில் நான் சென்னையில் பார்த்ததில்லை. பையன்கள் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். நம் வயதுப் பெண்கள் அந்தச் சொல்லை அப்படியே விழுங்கிவிடுவார்கள். உங்கள் வயதோ அந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்கிறது! கூச்சத்தில் ஐந்தை முன்னால் தள்ளிவிட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. அதன் முதல் ஒலி நம் ‘ஸ’ இல்லை. வண்டு ரீங்காரமிடுவதுபோலத் தொண்டை அதிர வரும். அப்படிச் சொல்லிப் பழகினால் ஆங்கிலச் சொல்லின் ஜாடை பாதி போய்விடும்.

எண்களுக்கு நான் மாணவர்களுக்குத் தரும் பயிற்சி பஸ் ஸ்டாப்பில் நடக்கும். கிண்டியில் நிற்கிறீர்கள், தூரத்தில் 21ஜி வருகிறது. ஐன்-உண்ட்-ட்ஸ்வான்ட்ஸிஷ் கே. மயிலாப்பூர் பக்கம் போனால் 29சி. நொயின்-உண்ட்-ட்ஸ்வான்ட்ஸிஷ் ட்ஸே. பஸ் உங்களைத் தாண்டிப் போவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்து மாற்றிக்கொண்டிருந்தால் பஸ் போய்விடும். பத்து நாளில் அந்த வழக்கம் தானாக உதிரும்.

இனி உங்கள் வகுப்புக்கு வருகிறேன். கூட உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஏன் அவ்வளவு வேகமாக இருக்கிறார்கள் தெரியுமா? அவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு தேதி இருக்கிறது. கணவர் அங்கே இருக்கிறார், குடும்ப விசாவுக்கு ஏ1 சான்றிதழ் வேண்டும் என்று ஒரு பெண். நர்ஸ் வேலைக்குப் பி1, பி2 வரை ஏறியாக வேண்டும் என்று இரண்டு பேர். 2024 ஜூனில் ஜெர்மனி ‘வாய்ப்பு அட்டை’ என்று வேலை தேடுவோருக்கு ஒரு புது வழி திறந்தது. அதற்குக் குறைந்தது ஏ1 ஜெர்மனாவது பி2 ஆங்கிலமாவது காட்ட வேண்டும். அதற்காக வரும் இன்ஜினியர்கள் ஒரு கூட்டம். ஆசிரியரும் பரீட்சைத் தேதியைப் பார்த்துத்தான் ஓடுவார், வேறு வழி இல்லை. அது அவர்கள் அளவுக்குத் தைத்த சட்டை. உங்களுக்கு அது இறுக்கிப் பிடிக்கிறது என்றால் உடம்பில் கோளாறு என்று அர்த்தமில்லை.

உங்களுக்குத் தேதி எதுவும் கிடையாது. பேத்தியைப் பார்க்கப் போவதற்கான ஷெங்கன் விசாவுக்கு, 180 நாளில் 90 நாள் வரை தங்கும் விசாவுக்கு, யாரும் மொழிச் சான்றிதழ் கேட்பதில்லை. அதனால் பரீட்சைக் கேள்விக்குப் பதில் சுருக்கமானது: இப்போது எழுதாதீர்கள். நூற்றுக்கு அறுபது எடுத்தால் ஏ1 தேறிவிடலாம், உங்களால் முடியும். ஆனால் பரீட்சைக்குப் படிக்கும்போது படிவம் நிரப்புவது, ஹோட்டல் அறை பதிவு செய்வது, ரயில் அறிவிப்பு என்று ஆறு வாரம் போய்விடும். நாலரை வயதுக் குழந்தை ரயில் அறிவிப்பு செய்வதில்லை. அவள் “இது என்ன?”, “ஏன்?”, “எனக்கு வேண்டாம்” என்பாள். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டே அவளோடு ஒரு சாயங்காலத்தை ஓட்டிவிடலாம்.

எவ்வளவு நாள் ஆகும் என்ற கவலையும் வேண்டாம். மாக்ஸ்முல்லர் பவன் என்று நாம் சொல்லும், ஜெர்மன் கற்பிக்கும் கெதே நிறுவனம், ஏ1-ஐ எட்ட 45 நிமிட வகுப்புகள் 80 முதல் 200 வரை தேவைப்படலாம் என்கிறது. எண்பதுக்கும் இருநூறுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் பாருங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எண்பதுக்குப் பக்கம் நிற்கிறார்கள் என்றால் நீங்கள் நூற்றைம்பதில் நில்லுங்கள். இரண்டுக்கும் பெயர் ஏ1தான்.

இப்போது மறதி. இதற்கு நான் இரண்டு காரணம் சொல்வேன். இரண்டிலும் வயது குற்றவாளி இல்லை. ஒன்றில் வேண்டுமானால் பாதிக் கூட்டாளி.

முதல் காரணம், சனி ஞாயிறு. இரண்டு நாளில் ஆறு மணி நேரம் கொட்டிவிட்டு, அப்புறம் ஐந்து நாள் சும்மா இருந்தால் யாருக்கும் தங்காது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடும், அப்புறம் மறதியின் வேகம் குறையும் என்று கண்டார். அவர் அப்போது முப்பதுகளில் இருந்தவர். உங்கள் பக்கத்து நாற்காலிப் பையனுக்கும் மறுநாள் மறக்கத்தான் செய்கிறது. அவன் மெட்ரோவில் உட்கார்ந்து மறுபடி பார்த்துக்கொள்கிறான், நீங்கள் அப்படிப் பார்ப்பதாகக் கடிதத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கு ஓர் ஏற்பாடு. 1970களில் ஸெபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் ஒரு பெட்டியில் ஐந்து அறை வைத்து, சொற்களை அட்டையில் எழுதிப் பழகும் முறையைப் பரப்பினார். நான் அதை வகுப்பில் ‘அஞ்சறைப் பெட்டி’ என்றுதான் சொல்வேன். புதுச் சொல் முதல் அறையில். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு நகரும். தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையை தினமும் பார்க்க வேண்டும், இரண்டாவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாவதை வாரம் ஒரு முறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஐந்தாவதை மாதம் ஒரு முறை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சொற்களோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காமல், தகராறு செய்யும் சொற்களை மட்டும் இது திரும்பத் திரும்ப முன்னால் கொண்டுவந்து நிறுத்தும்.

அட்டைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். என்னிடம் படித்த ஒருவர், தபால் துறையில் ஓய்வு பெற்றவர், வீட்டில் சேர்ந்துபோன கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக் கொண்டுவருவார். நல்ல கெட்டி அட்டை, ஓரத்தில் மஞ்சள் தடவியிருக்கும். ஒரு பக்கம் பாதிப் பிள்ளையார், மறு பக்கம் ‘டீ ட்ரெப்பெ – மாடிப்படி’. ஏ1-க்கான சொற்பட்டியலில் சுமார் 650 சொற்கள். ஒரு நாளைக்கு ஐந்து என்றால் 130 நாள். அவர் அந்தக் கணக்கை முதல் வாரமே போட்டுக் காட்டினார்; கருவூலத்தில் இருந்த உங்களுக்கு நான் கணக்கு சொல்ல வேண்டியதில்லை.

அட்டையில் எழுதும்போது மை நிறத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆண்பால் என்றால் டேர், பெண்பால் என்றால் டீ, ஒன்றன்பால் என்றால் டஸ் வரும். டேர் என்று வரும் சொல்லுக்கு நீலம், டீ-க்குச் சிவப்பு, டஸ்-க்குப் பச்சை. ஜெர்மனில் ஸ்பூன் ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால். சிறுமியைக் குறிக்கும் ‘மெட்ஷென்’ என்ற சொல்கூட ஒன்றன்பால்தான். உயர்திணை, அஃறிணை என்று நியாயமாகப் பிரித்து வைத்த மொழியிலிருந்து போகிற நமக்கு இது அராஜகமாகத்தான் தெரியும். காரணம் தேடாதீர்கள், நிறத்தோடு சேர்த்துப் பாடம் பண்ணுங்கள்.

மறதிக்கு இரண்டாவது காரணம், இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை: காது. ஐம்பதைத் தாண்டினால் பலருக்கும் உச்சஸ்தாயி ஒலிகள் முதலில் மங்கும். ஸ், ஷ், ஃப் எல்லாம் அந்த வகை. ஜெர்மனோ இந்த ஒலிகளாலேயே நெய்த மொழி. ஏசி இரைச்சல், சின்ன ஸ்பீக்கர், கடைசி வரிசை என்றால் ட்ஸ்வை (இரண்டு) எது, ட்ரை (மூன்று) எது என்று பிடிபடாது. ஜெர்மானியர்களே போனில் பேசும்போது குழப்பம் வரக்கூடாது என்று ட்ஸ்வை-யை ட்ஸ்வோ ஆக்கிவிடுவார்கள். காதில் சரியாக விழாத சொல் மனதில் எப்படித் தங்கும்? முதல் வரிசையில் உட்காருங்கள். வீட்டில் ஒலிப்பாடங்களை ஹெட்போனில் கேளுங்கள். வீட்டில் டிவி சத்தம் கூடிக்கொண்டே போகிறது என்று கணவர் சொல்லியிருந்தால் காது டாக்டரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இந்த வயதில் மொழி வருமா என்ற பயத்துக்கு ஒரே ஒரு தகவல். 1978-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நெதர்லாந்துக்குப் போன ஆங்கிலம் பேசுவோர் டச்சு கற்றுக்கொள்வதைத் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் பதின்ம வயதினரும் பெரியவர்களும்தான். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பின்தங்கினார்கள். நாளாக ஆகப் பிள்ளைகள் முந்திவிடுவார்கள், உச்சரிப்பும் அவர்களுக்கு நன்றாக வரும், அது வேறு. தொடக்கத்தில் பெரியவருக்குக் கையில் ஒரு முதல் இருக்கிறது. அந்த முதல்தான் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த மொழி.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சென்னையில் ஜெர்மன் வகுப்பு என்றாலே ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. நானும் பத்து வருடம் அப்படித்தான் நடத்தினேன். ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பம், சொற்கள் ஒத்துப்போகும் என்பது உண்மைதான். ஆனால் வாக்கியம் கட்டும் முறையில் பல இடத்தில் ஜெர்மன் நம் பக்கத்து வீடு. நீங்களோ ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரிக்குப் போக பாரிமுனை வழியாகச் சுற்றுகிறீர்கள்.

குளிர்கிறது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் ‘நான் குளிர்’ என்று சொல்லும். அதை நம்பி மாணவர்கள் ‘இஷ் பின் கல்ட்’ என்பார்கள். அதைக் கேட்கும் ஜெர்மன்காரருக்கு, நான் ஈரமில்லாத மனுஷி என்று நீங்களே சொல்லிக்கொள்வதுபோல இருக்கும். சரியான ஜெர்மன்: மீர் இஸ்ட் கல்ட். மீர் என்றால் எனக்கு. இஸ்ட், இருக்கிறது. கல்ட், குளிர். எனக்குக் குளிராக இருக்கிறது! தமிழில் யோசித்திருந்தால் முதல் நாளே சரியாக வந்திருக்கும். பிடிக்கிறது என்பதும் அப்படித்தான்: டஸ் கெஃபெல்ட் மீர், ‘அது எனக்குப் பிடிக்கிறது’. தலைவலிக்கும் ‘எனக்கு’. நலம் விசாரிப்பதற்கும் ‘உங்களுக்கு’: வீ கேட் எஸ் ஈனென் என்பதில் கடைசிச் சொல் அதுதான். ஆங்கிலம் ‘நான், நான்’ என்று நிற்கும் இடங்களில் ஜெர்மனும் தமிழும் ‘எனக்கு’ என்று நிற்கின்றன. வகுப்பில் இதை ‘டேட்டிவ்’ என்று சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள். எட்டாம் வகுப்பில் நாம் படித்த நான்காம் வேற்றுமை, ‘கு’ உருபு, அவ்வளவுதான். ‘அக்குஸாட்டிவ்’ என்பது நம் ‘ஐ’. தமிழில் எட்டு வேற்றுமையைக் கட்டி மேய்க்கிறவருக்கு ஜெர்மனின் நான்கு ஒரு பொருட்டா?

அப்புறம் வினைச்சொல். சாதாரண வாக்கியத்தில் ஜெர்மன் வினையை இரண்டாவது இடத்தில் வைக்கும். ஆனால் ‘ஏனென்றால்’ என்ற பொருளுள்ள ‘வைல்’ வந்தால் வினை வாக்கியத்தின் வாலுக்கு ஓடிவிடும். ‘வைல் இஷ் ம்யூடெ பின்’: ஏனென்றால் நான் சோர்வாக இருக்கிறேன். ‘பின்’ என்ற வினை கடைசியில் நிற்பதைப் பாருங்கள். இந்த இடத்துக்கு வந்ததும் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் எல்லோரும் திணறுவார்கள். தமிழில் எழுதிப் பழகியவர்கள் அலட்டிக்கொள்ளாமல் தாண்டிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மரியாதையும் அப்படி. ‘ஸீ’ நீங்கள், ‘டூ’ நீ. எந்தப் பிரச்சினையும் இல்லை. ஒன்று மட்டும்: வகுப்பில் பெரும்பாலும் ‘ஸீ’யில்தான் பழக்குவார்கள். பேத்தியிடம் ‘ஸீ’ போட்டுப் பேசினால் குழந்தை பயந்துவிடும். ‘டூ’ வடிவங்களைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சம்பந்தியம்மா உங்களை ‘டூ’ என்று அழைத்தால் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; உறவு நெருங்கிவிட்டது என்று அவர் சொல்லும் விதம் அது.

ஒலியிலும் தமிழ் கை கொடுக்கும். ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’ மாதிரி குவியுங்கள். அதுதான் ‘ஃப்யூன்ஃப்’ என்பதில் வரும் உயிர். கண்ணாடி முன்னால் நின்று செய்ய வேண்டிய வேலை, ஆள் இல்லாதபோது செய்யுங்கள். புத்தகம் என்பதற்கான ‘பூஃக்’ என்ற சொல்லின் கடைசி ஒலி நமக்கு அந்நியமே இல்லை. ‘எஃகு’ என்பதை ‘எஹ்கு’ என்று நிதானமாகச் சொல்லி, கு-வுக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். நம் ஆய்தத்தை இப்போது ஆங்கில எஃப்-க்கு வாடகைக்கு விட்டுவிட்டோம். அதன் சொந்தக் குரல் இதற்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றுக்கும் தமிழ் உதவாது. ஒரு துண்டு மட்டும் வாக்கியத்தின் கடைசிக்குப் பிரிந்து போகும் வினைகள் படுத்தும். நீங்கள் மாட்டிக்கொண்ட எண் வரிசையும் தமிழுக்கு எதிர்ப்பக்கம். அங்கே இந்தியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இளைஞர்கள் நடுவில் உட்கார வெட்கமாக இருக்கிறது என்று நேராக எழுதவில்லை, ஆனாலும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் தெரியும் அந்த வெட்கம். மாணவர் நிலைமை மறந்துவிடக் கூடாது என்று 47 வயதில் ஜப்பானிய மொழி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் ஒரு வரியை வாசிக்கச் சொன்னார்கள். எழுத்தெழுத்தாக நான் ஊர்ந்துகொண்டிருந்தபோது, மகள் வயது ஆசிரியை, “மேடம், போன வாரம் நீங்க வரலையா?” என்று கேட்டார். போன வாரம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவள் நான். வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் அந்த வாக்கியத்தை அரைத்துக்கொண்டே வந்தேன். அதன்பின் என் வகுப்பில் வாசிக்கத் திணறுகிறவரிடம் நான் கேள்வி கேட்பதில்லை, அடுத்த எழுத்தை மெதுவாக எடுத்துக்கொடுப்பதோடு சரி.

1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியருக்கு வயது 23. தமிழ் கற்க அவர் கண்டுபிடித்த வழி, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களைப் போலவே மணலில் விரலால் அ, ஆ எழுதியது. ஒன்பது வருடத்தில் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்துவிட்டார். நீங்கள் எதையும் அச்சிட வேண்டாம். சம்பந்தியம்மாவோடு காபி குடித்தால் போதும்.

வகுப்பை நிறுத்தலாமா என்றால், அந்த வகுப்பை நிறுத்தலாம். வகுப்பையே நிறுத்த வேண்டாம். ஒரு கணக்கு: 180 நிமிடத்தில் ஆசிரியர் பாதி நேரம் பேசினால் மீதி 90. அதை 22 பேர் பங்கு போட்டால் ஆளுக்கு நான்கு நிமிடம். அந்த நான்கையும் பக்கத்துப் பையன் முந்திக்கொண்டு எடுத்துவிடுகிறான். அலுவலகத்துக்குப் போய், கட்டிய பணத்துக்கு வார நாளில் நடக்கும் சின்ன பேட்சுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள், ஒன்றரை மணி நேரம், எட்டுப் பத்துப் பேர் என்றால் உங்களுக்குச் சரியாக இருக்கும். மாற்ற மாட்டோம் என்றால் முடிந்த ஆறு வகுப்பை மறுபடி உட்கார்ந்து கேட்க அனுமதி வாங்குங்கள். புது இடம் பார்ப்பதாக இருந்தால், சேருவதற்கு முன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். ஐந்து விநாடி பொறுக்கிறவர் என்றால் பணத்தைக் கட்டலாம். நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கும் மாக்ஸ்முல்லர் பவனில் நூலகமும் உண்டு, ஒருநாள் போய்ப் பாருங்கள்.

ஆப் சொற்களைப் புரட்ட நல்லது, ஆனால் நீங்கள் திணறும்போது அது முகம் பார்க்காது. அதைவிட, ஜெர்மனியின் பொது ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே இணையத்தில் இலவசமாகத் தரும் பாடங்கள் மேல். வகுப்புக்கு மேல் அது, வகுப்புக்குப் பதிலாக அல்ல.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. பேத்தியிடம் தமிழை விட்டுவிடாதீர்கள். ஜெர்மன் அவளுக்குத் தெருவெல்லாம் கிடைக்கும், தமிழுக்கு அங்கே அப்பாவை விட்டால் நீங்கள்தான். அதனால் அவளிடம் உங்களுக்கு முதலில் வேண்டியது காது: அவள் சொல்வது புரிய வேண்டும், பதில் தமிழில் போகலாம். நடுநடுவே அவள் மொழியில் ஒரு வரி. சம்பந்தியம்மாவுக்கு வாய் வேண்டும். அதற்குத்தான் வகுப்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் குழந்தையைச் சமையலறைக்குப் போகச் சொல்லுங்கள். அவள் ஒரு பொருளை எடுத்துக் காட்டட்டும். “வஸ் இஸ்ட் டஸ்?” என்று கேளுங்கள், இது என்ன என்று அர்த்தம். அவள் “லோஃபெல்” என்பாள். நீங்கள் “ஸ்பூன்” என்று சொல்லாமல் “கரண்டி” என்று சொல்லுங்கள். உங்கள் உச்சரிப்பை அவள் திருத்துவாள், நாலரை வயதுக்காரர்களுக்கு அதில் தனி சந்தோஷம். அவளுடைய ‘ண்’-ஐ நீங்கள் திருத்துங்கள். கால் மணி நேரத்தில் ஐந்து அட்டை தேறிவிடும், டேரா, டீயா என்றும் அவளையே கேட்டுக்கொள்ளலாம்.

புது வகுப்பிலும் வயதைக் கேட்பார்கள், அது பாடத்திலேயே இருக்கிறது. வண்டு ஒலியோடு ஆரம்பித்து, ஆறை முதலில் சொல்லி, மூச்சு விட்டு, அப்புறம் ஐம்பதுக்குப் போங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அடுத்த பிறந்தநாளோடு நீங்கள் ஸீபென்-உண்ட்-ஃப்யூன்ஃப்ட்ஸிஷ், ஏழும் ஐம்பதும். அதில் சிரிக்க அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.